துலா ஏறாத கால்

‘சேர்ந்து’ என்று யாராவது சொன்னால் எனக்கு உள்ளங்கால் எரிகிறது. கோபம் சிலருக்குத் தலைக்கு ஏறும், சிலருக்கு வயிற்றில் கொதிக்கும். எனக்கு அது காலில் குடியிருக்கிறது. மீசை அரும்ப முன்னமே துலா ஏறிய கால் இது. அதற்கு ஞாபகம் அதிகம்.

போன கிழமை ஒரு கூட்டம். கொழும்பிலிருந்து வந்த உத்தியோகத்தர் ஒருவர் மின்விசிறிக்குக் கீழே நின்று ‘சினேர்ஜி’ என்றார். ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் இரண்டல்ல, மூன்று என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து வெளியே போய் வெயிலில் நின்றேன். நின்றபடி அவரை நினைத்தேன். இந்தக் கொழும்பு மனிதரை அல்ல. இதே சொல்லை, அது பிறந்த இடத்து மண்ணோடு, இரண்டாம் யுத்தத்துக்குச் சில வருடம் முன்னர் எங்கள் செம்மண்ணில் கொண்டுவந்து நட்டவரை.

பேர் சொல்லமாட்டேன். சொன்னால் கோபம் அந்த ஒரு பேரோடு முடிந்துபோகும். அப்படி முடிய விட எனக்கு விருப்பமில்லை.

மருதனார்மடத்துக்கு வடக்கே, புகையிலையும் வெங்காயமும் விளைகிற ஊர். மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பி வந்தவர் அவர். அப்படி வந்தவர்கள் ஊரில் பலர். மற்றவர்கள் கல்வீடு கட்டினார்கள், வேலி வழக்குப் பேசினார்கள். இவர் கூட்டம் கூட்டினார். கறுப்புச் சப்பாத்து, முழங்கால் வரை காலுறை, கையில் ஒரு பிரம்பு. தோட்டத்து வரம்பிலும் சப்பாத்தோடுதான் நடப்பார். செம்மண் ஒட்டினால் நின்று, லேஞ்சியை எடுத்துத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடருவார். அவரை வெறுங்காலோடு கண்டவர் அப்போது ஊரில் இல்லை.

மலாயாவுக்குப் போக முன்னர் போதகராகப் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவர். அந்தப் படிப்பில் அவரிடம் மிஞ்சியது கொஞ்சம் கிரேக்கம், அதிலும் முக்கியமாக ஒரு சொல். சுனெர்கொஸ். ‘சுன்’ என்றால் கூட. ‘எர்கொன்’ என்றால் வேலை. கூட நின்று வேலை செய்கிறவன் சுனெர்கொஸ். இதைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் நீட்டி விரல்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துக் காட்டுவார். மெல்லிய, நீளமான, வேலை செய்யாத விரல்கள். கோத்தால் பார்க்க வடிவாயிருக்கும்.

அந்தச் சொல்லின் சரித்திரம் அவருக்கு ஒரு குடும்பக் கதை மாதிரி. முன்னொரு காலம் ஐரோப்பாவில் குருமார் தங்களுக்குள்ளே சண்டை பிடித்தார்களாம்: மனிதனைக் கரை சேர்ப்பது கடவுள் தனியேயா, அல்லது மனிதனும் ஒரு கை கொடுக்கிறானா என்று. மனிதனும் கை கொடுக்கிறான் என்ற கட்சிக்கு மற்றக் கட்சி வைத்த பட்டத்தில்தான் இந்தச் சொல் ஒட்டிக்கொண்டதாம். வசையாக வளர்ந்த சொல். பிறகு வைத்தியர் அதைத் தங்கள் பக்கம் எடுத்தார்கள். இரண்டு மருந்து சேர்ந்து, தனித்தனியே செய்யாத ஒன்றைச் செய்தால் அது சினேர்ஜி. நாலைந்து தசை சேர்ந்து ஒரு கையை மடக்கினால் அதுவும் சினேர்ஜி. உடனே கையை மடக்கிக் காட்டுவார். சட்டைக்குள்ளே ஒன்றும் தெரியாது.

தேத்தண்ணியையும் கோப்பியையும் ஒரே கோப்பையில் கலந்துதான் குடிப்பார். தனித்தனியே இரண்டும் நித்திரையை மட்டும் கலைக்கும், சேர்ந்தால் புத்தியைத் திறக்கும் என்பது அவர் வாதம். அவருடைய மனைவி அதைக் கலக்கும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வாராம். ஊர்ப் பொடியன்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்த பேர் ‘கூட்டுக்கோப்பி’. அது அவருக்கும் தெரியும். கோபிக்கவில்லை. பேரும் சரியாய்த்தான் இருக்கிறது என்று சிரித்தாராம்.

எளிதில் வெறுக்க முடியாத மனிதர். அதுவும் எனக்குக் கோபம்தான்.

எங்கள் குடியிருப்பு ஊருக்குக் கிழக்கே, பனங்கூடலுக்கு அப்பால். நாங்கள் இருந்த நிலம் ஊராருடையது. உழைத்ததும் ஊராருக்குத்தான். தோட்டத்துக்கு நீர் இறைக்க மூன்று பேர் வேண்டும். கிணற்றின் மேலே நீளக் கிடக்கிற துலா மரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடக்கிறவர் ஒருவர். அவருடைய பாரத்தில்தான் துலா தாழும், எழும். கிணற்று வாயில் நின்று கயிற்றைப் பிடித்துப் பனையோலைப் பட்டையில் தண்ணீரை வாங்கி ஊற்றுகிறவர் ஒருவர். வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி மடை திருப்பித் தண்ணீர் மாறுகிறவர் ஒருவர். நாங்கள் மிதிப்போம். மண்ணில் ஓடுகிற தண்ணீரை மாறுவோம். கயிற்றைத் தொடமாட்டோம். பட்டையைத் தொடமாட்டோம். நாள் முழுக்க எங்கள் காலடியில் தண்ணீர் ஏறி ஏறி வரும். தாகம் எடுத்தால் இறங்கி வந்து, கொஞ்சம் தள்ளிக் குந்தி, இரண்டு கையையும் ஏந்தவேண்டும். யாராவது ஊற்றுவார்கள்.

வீட்டுத் தண்ணீருக்கும் அதுதான் விதி. என் அம்மா மண்குடத்தோடு ஊர்க் கிணற்றடிக்குப் போய்த் தள்ளி நிற்பாள். யாராவது ஒரு நாச்சியார் தங்கள் வேலை முடிந்து, மனமும் வந்து, ஒரு பட்டை அள்ளி உயரத்திலிருந்து அவளுடைய குடத்துக்குள் ஊற்றவேண்டும். ஊற்றுகிற பட்டை குடத்தில் முட்டக்கூடாது. அதனால் பாதித் தண்ணீர் நிலத்தில் போகும். ஒருநாள் உச்சி வெயில் வரை நின்று வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். என்ன நடந்தது என்று என் தகப்பன் அப்பு கேட்டதற்கு, அங்கே தலை வாருகிறார்கள் என்று மட்டும் சொன்னாள்.

எங்களை ‘தம்பி’ என்று கூப்பிட்ட முதல் ஊர்க்காரர் அவர். நாங்கள் அவரை ‘நயினார்’ என்றபோது கையை உயர்த்தித் தடுத்தார். ‘அண்ணை’ என்று கூப்பிடச் சொன்னார். அப்பு வாயைத் திறந்து பார்த்தார், அது வரவில்லை. நான் ஓரிரு தரம் சொன்னேன். அம்மா சொல்லவேயில்லை. அது இனாமாய் வாங்குகிற பொருளில்லை என்றாள் வீட்டில்.

ஒரு கோடையில் மழை பிழைத்து, ஊர் வீட்டுக் கிணறுகள் ஒவ்வொன்றாய் உவர் பட்டன. அப்போதுதான் அவர் பொதுக் கிணறு என்ற பேச்சை எடுத்தார். பனங்கூடல் ஓரத்தில் நல்ல ஊற்று இருக்கிறது, கல்லை உடைத்தால் நன்னீர், எல்லோரும் சேர்ந்து வெட்டுவோம் என்றார். எங்கள் குடியிருப்புக்கு அவரே நடந்து வந்தார். எங்களிடம் கதிரை இல்லை; உரலைக் கவிழ்த்து வைத்தோம், தயங்காமல் இருந்தார். சுனெர்கொஸ் சொன்னார். விரல் கோத்தார். அம்மா பனை மறைவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

“நாங்களும் அள்ளலாமோ நயினார்?”

“அள்ளலாம். பொதுக் கிணறு எண்டால் எல்லாருக்கும் பொதுத்தானே.”

“எங்கடை கையாலை?”

“ஓம். உங்கடை கையாலை.”

அந்த ஓமுக்காகத்தான் நாங்கள் இறங்கினோம். வேறொன்றுக்குமல்ல.

எங்கள் மண் மேலேதான் மண். ஒரு முழம் தோண்டினால் சுண்ணாம்புக்கல். அலவாங்கால் துளை போட்டு, வெடிமருந்து இறுக்கி, திரி கொளுத்திவிட்டு ஓடவேண்டும். ஓடுவதில் அப்பு கடைசி. ஒரு வெடி முந்திக்கொண்டது. அன்றையிலிருந்து அவருக்கு இடது காது இல்லை. ஊராரும் வேலை செய்தார்கள், பொய் சொல்லக்கூடாது. மேலே நின்று கல் கூடையை இழுத்தார்கள். கூடையை நிரப்பியது நாங்கள். அவர் கிணற்று விளிம்பில் சப்பாத்தோடு நின்று குனிந்து பார்த்து, “ஒருத்தனாலை முடியுமோ இது?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். கீழே அந்தக் குரல் கல்லில் பட்டுப் பட்டு வரும். ஒருத்தனாலை முடியுமோ. முடியுமோ.

தண்ணீர் கண்ட அன்று அவர் வீட்டில் கூழ். ஒடியல் மாக் கூழ், பெரிய கிடாரத்தில். நண்டு, மீன், பலாக்கொட்டை, பயித்தங்காய், புளி. ஊரார் மாமரத்தின் கீழே, நாங்கள் வேலிக்கு வெளியே. பனையோலைப் பிளாக்களில் வாங்கிக் குடித்தோம். அவர் அகப்பையோடு படலையடியில் நின்றார், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. “ஒரே கிடாரம்” என்றார் எங்களைப் பார்த்து. திரும்பி அவர்களைப் பார்த்தும் “ஒரே கிடாரம்” என்றார். இதில் எது கூழ், நண்டா, மாவா, புளியா, சொல்லுங்கோ பார்ப்பம் என்று கேட்டார். எல்லோர் வாயிலும் கூழ். நன்றாய்த்தான் இருந்தது. இன்றைக்கும் அந்த ருசி நாக்கில் வந்தால் துப்பத் தோன்றும், துப்ப முடியாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் அவருக்கு அநியாயம் செய்கிறவனாவேன். அந்த நாட்களில் என் தங்கச்சிக்குக் கடும் காய்ச்சல். அவர் வாடகைக் கார் ஒன்றை மறித்தார். எங்களைக் கண்டதும் சாரதி ஏற்றமாட்டேன் என்றான். அவர் பிரம்பால் கார் மூடியில் ஓங்கி ஒரு அடி அடித்து, கதவைத் திறந்து, பிள்ளையைத் தன் மடியிலேயே கிடத்திக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனார். அவருடைய காற்சட்டையில் அவள் சத்தி எடுத்தாள். லேஞ்சியால் முதலில் அவள் வாயைத் துடைத்தார், பிறகுதான் சப்பாத்தை. அந்த வீதியில் அவரைத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. இந்தக் கடைசி வசனம் எவ்வளவு பெரியது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

கிணறு கட்டி முடிந்தது. அதற்குக் கப்பி போதும் என்றார்கள் சிலர். ஒரு ஆள் தனியே நின்று அள்ளலாம். அவர் கேட்கவில்லை. தோட்டக் கிணறுகளைவிடப் பெரிய துலா போடவேண்டும் என்று நின்றார். ஒற்றை ஆளால் அசைக்கவே முடியாத துலா. தனியே வருகிறவனுக்குத் தண்ணீர் கிடைக்கக்கூடாது, ஒருவன் மிதிக்க ஒருவர் அள்ளவேண்டும், அப்போதுதான் அது பொது என்றார். தன் சொல்லை மரத்தில் செய்து ஊருக்கு நடுவே நிறுத்த ஆசைப்பட்டார். நிறுத்தினார்.

முதல் தண்ணீர் எடுக்கிற நாள் ஐயர் வந்து தேங்காய் உடைத்தார், போதகர் வந்து செபம் சொன்னார். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியதில் அவருக்குப் பெரிய சந்தோசம். நான் துலாவில் நின்றேன். என் காலடியில் தண்ணீர் ஏறியது. ஊர்ப் பெண்கள் அள்ளினார்கள். அம்மா குடத்தோடு முன்னுக்கு வந்தாள். ஒரு கிழவர் பொல்லைக் குறுக்கே நீட்டினார். அடிக்கவில்லை, ஏசவில்லை. வெறுமனே நீட்டினார், ஆட்டுக்கு நீட்டுகிற மாதிரி.

அம்மா, ‘அண்ணை’ என்று கூப்பிடச் சொன்னவரைப் பார்த்தாள். அவர் போதகரோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் வாசிகசாலையில் ஊரார் கூடி, நாங்கள் கயிறு தொடக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். அடுத்த நாள் அவர் எங்களிடம் வந்தார். உரலில் இருக்கவில்லை, நின்றார். எல்லாம் ஒரேயடியாய் நடக்காது, ஊரும் எங்களோடு சேர்ந்து வரவேண்டும், கொஞ்சம் பொறுங்கோ என்றார். எங்களுக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு வராது, ஊற்றுவதற்கு முறை வைத்து ஆள் விடுவார்களாம். பிறகு, சொல்லாமல் போயிருந்தால் நான் மன்னித்திருக்கக்கூடிய ஒன்றையும் சொன்னார். சுனெர்கொஸ் என்பதற்கு எல்லாரும் ஒரே வேலை செய்வது என்று கருத்தில்லையாம்.

“கண் கண்ணின்ரை வேலையைச் செய்யுது, கால் காலின்ரை வேலையைச் செய்யுது. கால் போய்ப் பாக்கிறேல்லை. எண்டாலும் உடம்பு ஒண்டுதானே?”

அம்மா பனை மறைவிலிருந்து வெளியே வந்தாள்.

“அப்ப காலுக்குத் தண்ணி விடாய்க்காதோ நயினார்?”

அவர் குனிந்து பார்த்தார். லேஞ்சியை எடுத்தார். சப்பாத்தில் மண் ஒட்டியிருக்கவில்லை. என்றாலும் துடைத்தார்.

நாங்கள் சில கிழமை மிதித்தோம். முறை வைத்து ஊற்ற வந்தவர்கள் முறையை மறந்தார்கள். அம்மாவின் குடம் பழைய மாதிரியே காத்திருந்தது, கிணறுதான் புதிது. அப்புவின் காது போன கிணறு. ஒருநாள் காலை அவள் துலாவுக்குப் புறப்பட்ட என்னை வாசலில் மறித்தாள். “இண்டைக்கு ஏறாதை” என்றாள். பக்கத்துக் குடிசைகளிலும் போய் அதையே சொன்னாள். நிலத்தை விட்டு எழுப்பிவிடுவார்களே என்று அப்பு பயந்தார். எழுப்பினால் வெங்காயம் கிண்டுவது யார் என்று கேட்டாள்.

துலா நின்றது. ஊரார் துலா மிதிக்கத் தெரியாதவர்களல்லர், தங்கள் தோட்டத்தில் மிதிப்பவர்கள்தான். மிதிப்பதில் வெட்கமில்லை, யாருக்காக மிதிப்பது என்பதில்தான் எல்லாம். முதல் சில நாள் ஆள் மாறி ஆள் ஏறினார்கள். பிறகு உன்னுடைய பெண்சாதி அள்ளுவதற்கு நான் ஏன் மிதிக்கவேண்டும் என்று தொடங்கி, பழைய வேலித் தகராறுகள் வரை போனது. பெண்கள் துலா ஏறுகிற வழக்கம் இல்லை. குடங்கள் வரிசையாய் நின்றன. மேலே அந்தப் பெரிய மரம் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

அவருடைய சொல்லுக்கு இன்னொரு பாதி உண்டு, அதை அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அந்த ஊரில் தனித்தனியே நல்லவர்கள் இருந்தார்கள். வேலியோரம் வைத்து அம்மாவுக்கு அரிசி கொடுத்த நாச்சியார் இருந்தார். காது போன அப்புவுக்கு எண்ணெய் காய்ச்சித் தந்தவர் இருந்தார். காரில் பிரம்பால் அடித்த அவர் இருந்தார். இவர்கள் எல்லோரும் வாசிகசாலையில் சேர்ந்து இருந்தபோது, அவர்களில் ஒருவரும் தனியே நின்று செய்யத் துணியாத ஒன்றைச் செய்தார்கள். தனித்தனியே இல்லாத நஞ்சு, சேர்ந்தபோது பிறந்தது. வைத்தியர் அதையும் சினேர்ஜி என்றுதான் எழுதவேண்டும். கொழும்பு உத்தியோகத்தரே, ஒன்றும் ஒன்றும் மூன்று என்றீரே, அந்த மூன்றாவது எது என்று கேட்டீரா?

அவர் செத்தபோது சவப்பெட்டிக்கு அருகே நின்று ஒரு போதகர், வாழ்நாள் முழுவதும் எல்லோரையும் சேர்த்து வைத்தவர் என்றார். நான் வீதியில் நின்று கேட்டேன். உண்மைதான். சேர்த்து வைத்தார். யாருக்கு எதிராய் என்பதை மட்டும் போதகர் விட்டுவிட்டார். அதற்கு வெகு முன்னரே எங்கள் குடியிருப்புக்குள் நாங்களே கல்லுடைத்து ஒரு சின்னக் கிணறு வெட்டியிருந்தோம். அம்மாவின் கட்டளைப்படி அதற்குக் கப்பி. அவள் சாகும்வரை தனியே நின்று, தன் கையால், நேரம் எடுத்து அள்ளினாள். உதவிக்குப் போனால் ஏசுவாள்.

ஆனால் என் காலில் எரிவது இவை ஒன்றுமல்ல. துலா நின்றுபோன அந்த நாட்களில் ஒருநாள் காலை நடந்தது.

அவர் எங்களைக் கூப்பிட வந்தார். முகம் வாடியிருந்தது. ஊர்ப் பெண்கள் தண்ணீரில்லாமல் நிற்கிறார்கள், வாருங்கோ, எனக்காக வாருங்கோ என்றார். அம்மா “வாறன்” என்று குடத்தை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தாள். அவர் பின்னே. நான் அவருக்குப் பின்னே.

கிணற்றடியில் பெண்கள் விலகினார்கள். தன்னை ஒருவர் தொட்டுவிடக்கூடாதே என்று விலகும்போது எவ்வளவு நல்ல வழி கிடைக்கிறது. அம்மா கிணற்றுக் கட்டில் ஏறினாள். கயிற்றைப் பிடித்தாள். பொல்லு வைத்திருந்த கிழவர் ஓரடி வைத்தார். எங்களைக் கூப்பிட வந்தவர் கையை உயர்த்திக் கிழவரை மறித்தார். மறித்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் துலாவடிக்குப் போனேன். அம்மா திரும்பாமலே என்னை நிற்கச் சொன்னாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவள் வாயில் அந்தச் சொல்லை முதலும் கடைசியுமாய் அன்றுதான் கேட்டேன்.

“அண்ணை, நான் கயிறு பிடிச்சிட்டன். நீங்கள் ஏறி மிதியுங்கோ.”

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. துலாவைப் பார்த்தார். தான் சண்டை பிடித்துப் போட்ட துலா. அதன் மேல் சப்பாத்தோடு ஏற முடியாது, வழுக்கும். சுற்றி நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். பிறகு பிரம்பைக் கிணற்றுக் கட்டில் சாத்திவிட்டுக் குனிந்தார்.

வலது சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். உரித்த வெங்காயம் மாதிரி ஒரு வெள்ளைக் கால். அதை வெயில் ஏறிய செம்மண்ணில் வைத்தார். சூடு தாங்காமல் விரல்கள் சுருங்கியதைக் கண்டேன். வந்துவிடுவார் என்று நினைத்தேன். சத்தியமாய் நினைத்தேன். என்னுடைய கால்கள் அவருக்காக மேலே ஏறத் துடித்தன. அம்மாவின் கை கயிற்றில் இறுகியது.

கூட்டத்துக்குள்ளிருந்து அவருடைய மனைவியின் தம்பி, சத்தமே இல்லாமல், சாப்பாட்டு நேரத்தில் உப்புக் கேட்கிற மாதிரிக் கேட்டார்:

“மச்சான், உதென்ன செய்யிறியள்?”

அவ்வளவுதான். ஒருவரும் ஏசவில்லை. ஒருவரும் அடிக்க வரவில்லை.

அவர் அந்தக் காலைத் தூக்கினார். லேஞ்சியை எடுத்து, ஒட்டியிருந்த செம்மண்ணை விரல் விரலாய்த் துடைத்தார். அம்மா கயிற்றை விட்டாள். வெறும் பட்டை காற்றில் ஆடியது. அவள் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். நான் போகவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். காலுறையை மாட்டி, சப்பாத்துக்குள் காலை நுழைத்தார். பிறகு குனிந்து, ஒற்றைக் கையால் முடியாத வேலை அல்லவா அது, இரண்டு கையையும் சேர்த்து, அந்த நீளமான விரல்களை ஒன்றுக்குள் ஒன்றாய்க் கொடுத்து, சப்பாத்துக் கயிற்றை வடிவாக இறுக்கிக் கட்டினார்.